இடது தோள்

நாளைக் காலை நீதிமன்றத்தில் மச்சான் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். வண்டி ஓட்டும்போது கண் அசந்துவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை செத்துப்போனாள் என்று சொல்லப் போகிறார்.

அந்தத் தங்கை என் மனைவி.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தை சின்னவளிடம் ஒரு வேலை சொன்னார்.

"ஜட்ஜ் கேட்டா நீ எழுந்து சொல்லு. இந்தக் குடும்பம் இவனை மன்னிக்கலைன்னு சொல்லு. நான் நின்னா கால் நடுங்கும்."

சின்னவள், என் மனைவியின் தங்கை, சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இன்று காலையும் வீடு வழக்கம்போல்தான் விடிந்தது. மாடி அறை எனக்கு. கீழே அத்தையும் சின்னவளும். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தை ஒட்டிய அறையில் மச்சான். என் மனைவி போன பிறகு யாரும் என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. அவ்வளவுதான்.

அத்தை மச்சானிடம் பேசுவதில்லை. பாத்திரங்களிடம் பேசுவார். மச்சான் கேட்டுக்கொள்வார்.

"சிலருக்குத் தொண்டைல இறங்குது பாரு," என்று இன்று ஒரு கரண்டியிடம் சொன்னார்.

மச்சான் மூடி வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பெரிய உடம்பு அவருக்கு. நடக்கும்போது சத்தமே வருவதில்லை. முன்பெல்லாம் வரும்.

சின்னவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இன்னைக்கு என் முறை."

"தெரியும்."

"என்ன கொண்டு வரேன்னு கேக்க மாட்டீங்களா?"

"முன்னாடியே கேக்கறது இல்ல."

"நல்லது," என்றாள்.

* * *

நான் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கட்டாயப் பாடம் எடுக்கிறேன். கால அட்டவணையில் 'சிந்தனைப் பயிற்சி' என்று இருக்கும். மாணவர்கள் அதைச் 'சந்தேக கிளாஸ்' என்கிறார்கள். நான் 'சந்தேகம் சார்'. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சார், பெண் யாரென்று எப்படித் தெரியும் என்று கேட்பாராம். ஒருவன் அதை நடித்துக் காட்டி நானே பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் நடித்தான்.

சின்னவள் அந்த வகுப்பில் இருப்பது தற்செயல். வகுப்பில் என்னைச் சார் என்பாள், வீட்டில் மாமா. இரண்டுக்கும் நடுவே பேருந்தில் வரும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். என் மனைவி இறந்துவிட்டாள் என்று மாணவர்களுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. அவர்கள் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான்.

இன்று பேருந்தில் பல் மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் மனைவிக்குப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டதாம். அவள் எண்ணோடு என் எண்ணையும் கொடுத்திருந்தாள். அவள் இல்லை என்று அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. போனைப் பைக்குள் போட்டேன்.

வகுப்பின் முறை இதுதான். ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவர் வாழ்க்கையிலிருந்து ஒரு முடிவைக் கொண்டுவருவார். எல்லாரும் நம்புகிற முடிவாக இருக்க வேண்டும். அதைப் பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். நடந்தது என்னவென்று கேட்டால் சொல்லலாம். வாதாடக் கூடாது. மற்றவர்கள் அந்த முடிவைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

நான் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். மணி அடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன். முன்னால் நின்றால் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அதனால் ஏற்படுத்திய விதி.

சின்னவள் பலகையில் எழுதினாள்.

'ஓட்டியவர் தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் இறந்தார். குற்றம் ஓட்டியவருடையது.'

எழுதிவிட்டு உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு ஜன்னல் கம்பி கைக்கு எட்டியது. பிடித்துக்கொண்டேன்.

வகுப்பில் 'வக்கீலம்மா' என்று ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் ஆரம்பிப்பாள்.

"தூங்கினார்னு யார் சொன்னது?"

"அவரே சொன்னார்," என்றாள் சின்னவள்.

"அப்போ முடிஞ்சுது. கிளம்பலாமா?" என்று எழுந்தான் ஒருவன். எப்போதும் தாமதமாக வருவதால் அவனுக்கு 'லேட்டு' என்று பெயர்.

"உக்காருடா. போன வாரம் பஸ் பிரேக்டவுன்னு நீயேதான் சொன்ன. நாங்க நம்பினோமா?"

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"அவன் சொன்னது தப்பிக்கறதுக்கு. இவர் மாட்டிக்கறதுக்கு இல்ல சொல்றார்? தனக்கு எதிரா ஒருத்தன் எதுக்குப் பொய் சொல்வான்?"

"நான் சொல்லியிருக்கேன்," என்றாள் ஓரத்தில் ஒருத்தி. "தம்பி டீவியை உடைச்சான். நான்தான் உடைச்சேன்னு சொல்லி அடி வாங்கினேன்."

"ஏன், உனக்குப் பைத்தியமா?"

"எங்கப்பா அடிச்சா அவன் தாங்க மாட்டான். நான் தாங்குவேன்."

வக்கீலம்மா பலகையைப் பார்த்தாள்.

"சரி. அவர் சொன்னதைத் தள்ளி வைப்போம். அவர் சொல்லவே இல்லைன்னு வச்சுக்கோ. மிச்சம் என்ன இருக்கு?"

மிச்சம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். சின்னவளுக்கும் தெரியும். சாலையில் வேறு வண்டி இல்லை. வழியில் போனவர்கள் இரண்டு பேரையும் வெளியே எடுத்த பிறகுதான் போலீஸ் வந்தது. அவள் அதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நல்ல மாணவி. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"வண்டி எங்க மோதுச்சு?" இது மெக்கானிக். அவன் அப்பா வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார்.

"ரோட்டோரத் தடுப்புல. முன்பக்கம்."

"அவருக்கு எங்க அடி?"

"காறை எலும்பு உடைஞ்சுது. தோள்கிட்ட."

"எந்தத் தோள்?"

"இடது."

மெக்கானிக் தலையைச் சாய்த்தான். "பெல்ட் தடம் இருந்துச்சா? அழுத்தி, நீலமா இருக்கும்."

"இருந்துது. நான் மருந்து..." அவள் நிறுத்தினாள். "மருந்து போட்டவங்க பார்த்திருக்காங்க. இடது தோள்லேர்ந்து வலது இடுப்பு வரைக்கும்."

அவள் சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு இன்னும் புரியவில்லை.

மெக்கானிக் முன்னால் வந்தான். இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டான். வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து, தன் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இது டிரைவர் சீட். கதவு என் வலது கைப்பக்கம். பெல்ட் கதவுப்பக்கத்துலேர்ந்துதான் வரும். வலது தோள் மேல வந்து இடது இடுப்புல மாட்டும். சரியா?"

"சரி."

"இப்போ இடது தோள்ல தடம் விழணும்னா..."

அவன் எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தான். வாரை இடது தோளுக்கு மாற்றினான்.



"அப்போ ஓட்டினது செத்துப்போனவங்களா?" என்றான் லேட்டு. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"இருக்கலாம்னு சொல்லு," என்றாள் வக்கீலம்மா. "எலும்பு வேற எதுலயாவது இடிச்சும் உடையலாம்."

"எலும்பு உடையலாம். தடம் அப்படி விழாது," என்றான் மெக்கானிக்.

"போலீஸ் இதைப் பாக்க மாட்டாங்களா?"

"நான்தான்னு ஒருத்தன் நிக்கும்போது எவன் தோளைப் பாப்பான்?"

மணி அடித்தது. பைகளைத் தூக்கினார்கள். போகும்போது ஒரு பையன் வழக்கம்போல் என்னிடம் கேட்டான்.

"சார், உண்மைல பதில் என்ன?"

வழக்கமாக நான் ஏதாவது சொல்வேன். இன்று பலகையை அழிக்கப் போனேன்.

எல்லாரும் போன பிறகும் சின்னவள் நாற்காலியிலேயே இருந்தாள்.

"மாமா."

வகுப்பறையில் அவள் அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அவன்தான்னு முடிவாகணும்னு கொண்டு வந்தேன். இத்தனை பேர் சொல்லிட்டா நாளைக்கு எழுந்து நிக்க தைரியம் வரும்னு நெனைச்சேன். நீங்க நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்தியிருந்தா நீ விட்டிருப்பியா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "போய் அண்ணனைக் கேளுங்க. நான் கேட்டா அவன் அழுதுடுவான். அப்புறம் நான் எதையும் கேக்க மாட்டேன்."

* * *

மச்சான் பள்ளி வேன் ஓட்டுபவர். இப்போது ஓட்ட விடுவதில்லை. வேன்களைக் கழுவுகிறார். முதலாளி நல்ல மனுஷன், கழுவவாவது விட்டிருக்கிறாரே என்பது ஊர்ப் பேச்சு.

கொட்டகையில் மஞ்சள் வேன்கள் வரிசையாக நின்றன. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு சக்கரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கிளாஸ் இல்லையா?"

"முடிஞ்சுது. சட்டையைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டுங்க மச்சான். தோளைப் பாக்கணும்."

சிரித்தார். ஆனால் கை தானாக இடது தோளுக்குப் போனது. போன கையை அவரே பார்த்தார். பிறகு குழாயை மூடினார்.

"யார் சொன்னது?"

"முதல் வருஷப் பசங்க."

"படிக்கத்தானேயா அனுப்பறாங்க? இதுக்கா அனுப்பறாங்க?"

அவர் வேன் படியில் உட்கார்ந்தார். அதில் சின்னப் பிள்ளைகள் ஏறுவார்கள். அவர் உடம்புக்கு அது போதவில்லை.

"அவதான் ஓட்டினா," என்றார். "வளைவு வந்துச்சு. வண்டி திரும்பல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ஏன் மச்சான் மாத்திச் சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரி வராண்டால கட்டுப் போட்டு உக்கார வச்சிருந்தாங்க. அவ உள்ள இருந்தா. அம்மா வந்தாங்க. எப்படி இருக்கான்னு கேக்கல. உயிர் இருக்கான்னு கேக்கல. வண்டியை யாருடா ஓட்டினதுன்னாங்க. அதான் முதல் கேள்வி."

சுருட்டிய கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"எங்கம்மாவை உனக்குத் தெரியும். யாரையாவது திட்டினாத்தான் அவங்களுக்கு மூச்சு வரும். அப்பா போனப்போ டாக்டரைத் திட்டினாங்க, இன்னும் திட்டறாங்க. அவ ஓட்டினான்னு சொல்லியிருந்தா அவளைத் திட்டுவாங்க. சமைக்கும்போது திட்டுவாங்க, படுக்கும்போது திட்டுவாங்க. செத்தவளுக்குத் திருப்பிப் பேச வாய் இருக்கா? எனக்கு இருக்கு."

"நீங்களும் பேசறதில்லையே."

"பேசலாம்ல? அது போதும்."

"ஜெயில் மச்சான்."

"தெரியும்."

"லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது."

"இங்க என்ன ஓட்டிட்டா இருக்கேன்?" என்று வாளியைக் காலால் தள்ளினார். பிறகு என் கையைப் பிடித்தார். ஈரமான கை. "அம்மாகிட்ட சொல்லாதே. நீ அவளைக் கட்டினவன். உன் பொண்டாட்டி பேரை நீயே கெடுக்காதே."

கையை விடுவித்துக்கொண்டேன். சரி என்று சொல்லவில்லை. அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

* * *

நான் வீட்டுக்கு வருவதற்குள் சின்னவள் சொல்லிவிட்டிருந்தாள்.

வாசலிலேயே அத்தையின் குரல் கேட்டது.

"படிக்க அனுப்பினா பொணத்தை அறுத்துட்டு வந்து நிக்கறியா நீ? ஊரான் வீட்டுப் பசங்களை விட்டு உங்கக்காவை அறுத்தியா?"

"அம்மா, யாருக்கும் அவ பேர் தெரியாது."

"எனக்குத் தெரியுமே! என்ன செய்யச் சொல்ற? இத்தனை நாள் இவனைத் திட்டினேன். நாளைலேர்ந்து போனவளைத் திட்டச் சொல்றியா?"

"யாரையும் திட்ட வேணாம்மா."

"அது எப்படி?" என்றார் அத்தை. உண்மையாகவே தெரியாமல் கேட்டதுபோல் இருந்தது.

என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வாங்க மாப்பிள்ளை. நீங்க சொல்லிக்குடுத்த பாடம் வீடு வரைக்கும் வந்துடுச்சு."

பின்கதவு திறந்தது. மச்சான் உள்ளே வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

அத்தை பாத்திரங்கள் பக்கம் திரும்பவில்லை. அவரையே பார்த்தார். அவள் போன பிறகு முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினார்.

"வண்டியை யாரு ஓட்டினது?"

"நான்தாம்மா."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"நான்தான்."

"பொய்!" என்றாள் சின்னவள். "மாமா, நீங்க போய்க் கேட்டீங்கல்ல? சொல்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

அவளை நினைத்தேன். முகம் வரவில்லை. குரலும் வரவில்லை. நாளைக் காலை இந்தப் பெரிய உடம்பு கூண்டில் ஏறி நின்று, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லும் என்பது மட்டும் தெரிந்தது.

"அவதான் அத்தை ஓட்டினா," என்றேன். "மச்சான் என்கிட்ட ஒத்துக்கிட்டார்."

"மாப்பிள்ளை..." என்றார் மச்சான். சுவரில் சாய்ந்துகொண்டார்.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். சின்னவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள். அத்தை அந்தக் கையை உதறவில்லை, பிடிக்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்தி, பேசிக்கொண்டே போனார்கள்.

பிறகு தலையைத் தூக்கினார்.

"அவ ஓட்டக் கத்துக்கிட்டே ஆறு மாசம் இருக்காது. பகல்லகூட அந்த ரோட்டுல ஓட்டப் பயப்படுவா. நீ ஊர்ப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவன். உன்னை நம்பித்தான் அத்தனை பேர் அனுப்பறாங்க. நீ கல்லாட்டம் பக்கத்துல உக்காந்திருக்கும்போது அவ கைல எதுக்குடா சாவியைக் குடுத்த?"

மச்சான் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

கொட்டகையில் என்னுடைய எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவர் அவர். இதை நான் கேட்கவில்லை.

"குடுக்கலம்மா. அவளே வாங்கிக்கிட்டா."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

"நாளைக்கு ஜட்ஜ் கேப்பார். அவருக்குச் சொல்லுவியா?"

"அவர் கேக்க மாட்டார். அங்க நான்தான் ஓட்டினேன்னு சொல்லப் போறேன். நீங்க என்ன கண்டுபிடிச்சாலும் சரி."

"இப்போ நான் கேக்கறேன். பெத்தவ கேக்கறேன். சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து, இல்லை, எத்தனையோ நாட்களாக அவர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. கோபம் இல்லை அதில். பாவப்படுவதுபோல் இருந்தது.

"மாப்பிள்ளை இங்க இருக்கும்போது சொல்ல மாட்டேன்."

சின்னவளின் கை அத்தையின் கையிலிருந்து நழுவியது.

அத்தை என் பக்கம் திரும்பினார். குரல் மரியாதையாகத்தான் வந்தது. "மாப்பிள்ளை, நீங்க கொஞ்ச நேரம் மாடிக்குப் போறீங்களா?"

"போகாதீங்க மாமா," என்றாள் சின்னவள்.

மாடிப்படி எனக்குப் பின்னால்தான் இருந்தது. ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். இத்தனை நாளும் அதைத்தான் செய்தேன்.

நாற்காலியை இழுத்து மச்சானுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க மச்சான்."